இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருகின்றவர்கள் நல்லூர்க் கோபுரத்தையும், கோட்டை மதிலையும், பொது நூலகத்தையும் கண்டு திரும்புவர். இவற்றோடு சேர்த்துக் காணத்தக்க இன்னொரு பொருளும் இங்கே உண்டு. ஒழுங்கைகளின் முடக்குகளிலே, வேப்பமர நிழலிலே, அறுபது எழுபது வயதைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார்க் கார்களே அவை. ஒஸ்டின் ஏ 40, மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் என அவற்றின் பெயர்களைச் சிறுவர்களும் அறிவர்.

இவை அழகுக்காக மட்டும் காக்கப்பட்டவையல்ல. 1990இல் வடக்குப் புகையிரதப் பாதை அறுந்தது; அதன் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் காணக் கிடையாத பண்டமாயிற்று. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினர் எம்மவர். நோயாளரும், கர்ப்பிணிகளும், மணமக்களும் அந்த மண்ணெண்ணெய்ப் புகையோடேயே பயணஞ் செய்தனர். போர் ஓய்ந்த பின்னரும் இவற்றின் பணி ஓயவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இலேதான். அந்த ஐந்தாண்டுகளில் உள்ளதைப் பேணுவதே பல குடும்பங்களுக்கு வழியாயிற்று.

எங்கள் வீட்டு வண்டி 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான வகை இது. ஒக்ஸ்போர்டை அடுத்த கௌலியிலே பிறந்த இவ்வினம் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையாகப் பெருகி, 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோயிற்று. வண்டியைச் செய்த தொழிற்சாலை அதைச் செய்வதை விட்டு அரை நூற்றாண்டு கடந்த பின், அதன் உறுப்பொன்று தேய்ந்தால் என் செய்வது? இக்கேள்விக்கு விடை தேடியே 2025 ஆவணி விடுமுறையில் நான் கொழும்புக்குப் பயணமானேன்.

தேய்ந்தது மிகச் சிறிய உறுப்பு. சில்லைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியின் உடலோடு இணையும் இடங்களில், இரும்பும் இரும்பும் நேரே உராயாதபடி இறப்பர் வளையங்களை இட்டிருப்பர். அவற்றையே மெக்கானிக்குகள் ‘புஷ்’ என்கின்றனர். மொரிஸ் மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றையும் ஒரு கீழ்க்கை தாங்குகிறது. அக்கையின் உள்முனை ஓர் ஆணியைச் சுற்றி இறப்பரின்மேல் அசைகிறது. அக்கை பின்னே தள்ளப்படாதவாறு ஓர் இழுகம்பி முன்புறம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த இழுகம்பியின் நுனியிலும் இறப்பரே. பின்புறத்துத் தகட்டு ஸ்பிரிங்குகளின் இரு முனைகளிலும் இறப்பரே. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள்; இக்காலத் தேருக்கு அச்சாணியோடு இறப்பரும் வேண்டியிருக்கிறது.

எங்கள் வண்டி சில மாதங்களாகப் பிறேக் பிடிக்கும்போதெல்லாம் இடப்பக்கம் இழுத்தது. பள்ளங்களில் ‘டக் டக்’ என்று தட்டியது. ஊரிலுள்ள முதிய மெக்கானிக் வண்டியின் அடியிற் படுத்து ஒரு நெம்புகோலைக் கொடுத்து அசைத்துப் பார்த்தார். பின் வெளியே வந்து, கறுத்த பசை போன்ற ஒன்றை விரலால் நசுக்கிக் காட்டினார்.

“மாஸ்டர், இது இப்ப இறப்பர் இல்லை, களி. எஞ்சின் எண்ணெய் ஊறி ஊறிப் புளி மாதிரிப் போச்சு. பிறேக் பிடிக்கேக்க இந்தப் பக்கத்துச் சில்லு பின்னுக்குப் போகுது, அதுதான் இழுக்குது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இந்தக் காரோட றோட்டில இறங்காதேங்கோ.”

அவர் சொல்லில் மிகையில்லை. நாற்சந்தியிலே சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கும் எங்கள் வண்டிக்கும் இடையே நின்றது அந்தச் சிறு வளையமே. வண்டிக்குள்ளேயும் ஒரு பொறுப்பு இருந்தது. என் தாயார் எண்பதை எட்டியவர், முதுகெலும்பு தேய்ந்தவர். கிழமைக்கொருமுறை வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர். பஸ்ஸிலே ஏற அவரால் இயலாது. முச்சக்கரவண்டியின் குலுக்கலையோ தாங்கமாட்டார். வெளியே இருப்பவருக்கு வண்டி உறுதியாக நிற்கவேண்டும். உள்ளே இருப்பவருக்கு அது மென்மையாகச் செல்லவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரும் புஷ் எது?

இரவுப் புகையிரதத்திலேறி விடியலில் மருதானையில் இறங்கினேன். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேதான் பஞ்சிகாவத்தை. இலங்கையில் வண்டி வைத்திருப்போர் எவரும் அப்பெயரைக் கேளாதிருக்க இயலாது. எஞ்சின்களும் கியர்ப்பெட்டிகளும் அடுக்கடுக்காகக் குவிந்திருக்க, கதவுகளும் கண்ணாடிகளும் விளக்குகளும் மேலே தொங்கும் தெரு அது. எண்ணெய் மணமும், தேநீர் மணமும், சுத்தியல் ஓசையும் ஒன்றாய்க் கலந்து வரும். சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் விலை பேசும். யப்பானிய வண்டிகளின் பாகங்களே எங்கும் நிறைந்திருக்கும். பழைய ஆங்கில வண்டிகளுக்குரிய கடையைக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கண்டடைந்த கடையின் முதலாளி வெண்தாடிப் பெரியவர்.

“நானா, மொரிஸ் மைனருக்கு முன் புஷ் இருக்கிறதா?”

“ஏன் இல்லாம, சேர்? மூணு வகை இரிக்குது. எது வேணும் சொல்லுங்க.”

மூன்றையும் மேசைமேல் பரப்பினார். முதலாவது, நிறம் மங்கிய அட்டைப்பெட்டியில் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சரக்கு. இரண்டாவது, அண்மையில் அச்சில் வார்த்த கறுப்பு இறப்பர். மூன்றாவது, செந்நிறத்தில் பளபளத்த பொலியூரித்தேன்.

பழம்பெட்டியைக் கண்டதும் மனம் அதிலே சென்று படிவது இயல்பு. ஆயினும் இறப்பர் என்பது திராட்சை மதுவன்று, வைக்க வைக்கச் சிறப்பதற்கு. பூட்டப்படாமற் பெட்டியில் உறங்கினாலும் காற்றும் வெப்பமும் அதனை முதுமையடையச் செய்யும். அந்தப் புஷ்ஷை மெல்ல வளைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, விளிம்பெங்கும் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் தென்பட்டன. நகத்தால் அழுத்தினேன், கல்லைப் போல் இருந்தது. புத்தம் புதிய பொருளாயினும் அது மூப்பெய்திய பொருளே. பெரியவரும் அதை மறுக்கவில்லை.

செந்நிறப் பொலியூரித்தேன் எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுங்காலம் உழைக்கும். பந்தய வண்டி ஓட்டுவோர் அதை விரும்புவதற்குக் காரணம் அதன் கடினமே. ஷோர் என்னும் கடினத்தன்மை அளவையில் இறப்பர் புஷ்கள் பெரும்பாலும் 60, 70 என்னும் எண்களை அண்டி நிற்க, பொலியூரித்தேன் 80, 90 என ஏறிச் செல்லும். திருப்பத்தில் சில்லு சிறிதும் விலகாது. ஆனால் தெருவின் ஒவ்வொரு கல்லையும் அது வண்டிக்குள்ளே கொண்டுவந்து சேர்க்கும். இன்னுமொரு வேறுபாடு உண்டு. இறப்பர் புஷ் இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு தானே முறுகி அசைவுக்கு இடங்கொடுக்கும். பொலியூரித்தேனோ இரும்பின்மேல் வழுக்கி அசையும். ஆதலால் அதற்குரிய கிறீஸ் இடாவிடின் நாளடைவில் கீச்சிடும். விலையும் பன்மடங்கு.

எஞ்சியது புதிய இறப்பர். வளைத்துப் பார்த்தேன், வெடிப்பில்லை. அழுத்திய நகத்தின் தடம் உடனே மறைந்தது. அச்சின் ஒட்டுக்கோடு மெல்லியதாய், இரு பாதிகளும் ஒத்திருந்தன. கையோடு கொண்டுசென்ற ஆணியைச் செருகி அளவும் பார்த்தேன். இது முக்கியமானது: புதிய புஷ்ஷின் அளவைப் பழைய புஷ்ஷோடு ஒப்பிடலாகாது, நசுங்கிய பழையது பொய் சொல்லும். அது இருந்த ஆணியோடும் துளையோடுமே ஒப்பிடல் வேண்டும். ஆணி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றவேண்டும். தேய்ந்த ஆணியில் ஏற்றிய நல்ல புஷ் வீணே. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவதும் தகாது. ஒரு கால் உறுதியாயும் மறு கால் தளர்வாயும் இருப்பின் வண்டி இழுக்கவே செய்யும். இரு பக்கங்களுக்கும் வேண்டியவற்றை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஊர் திரும்புமுன் கம்பஹாவில் இறங்கினேன். புகையிரத நிலையத்திற்கு அணித்தே ஹெனரத்கொட தாவரவியற் பூங்கா உள்ளது. பையிலிருந்த கறுப்பு வளையங்களின் குலமுதல் அங்கேதான் வேர்விட்டது. 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டு அமேசன் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் ஏறக்குறைய 1,900 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன; அவற்றை நடுவதற்கென அமைந்ததே இப்பூங்கா. நிழலடர்ந்த அமைதியான இடம். இறப்பர் மரங்களுக்கடியில் பள்ளிப் பிள்ளைகள் சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தனர்.

மரத்திலிருந்து வடியும் பால் அப்படியே புஷ் ஆகிவிடுவதில்லை. வெயிலில் ஒட்டும், குளிரில் நொறுங்கும். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டபின்னரே, இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் உறுதி அதற்கு வாய்த்தது. அந்த இயல்பினாலேயே தெருவின் அதிர்ச்சியை அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அதற்கொரு பகையும் உண்டு. பெற்றோல், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் ஆகியன இயற்கை இறப்பரை ஊறி வீங்கச் செய்து வலியழிக்கும். மண்ணெண்ணெயால் வாழ்ந்த எங்கள் ஊர் வண்டிகளுக்கு அதே மண்ணெண்ணெய் எத்தனை மூட்டுக்களைக் கரைத்ததோ!

ஊர் திரும்பியதும் மெக்கானிக் முதலிற் செய்த வேலை புஷ் பூட்டுவதன்று; எஞ்சினின் எண்ணெய்க் கசிவை அடைத்தலே. நோயின் காரணத்தை விட்டு நோய்க்கு மருந்திடுவது பயனற்றது என்பதை அவர் அறிவார். பின்பு புதிய இறப்பரைச் சவர்க்கார நீரில் நனைத்து ஏற்றினார், எண்ணெயைத் தொடவில்லை. நட்டுக்களைக் கையளவாகவே முடுக்கி விட்டார். இறுக்காத காரணத்தைக் கேட்டேன்.

“கார் நிலத்தில நிண்டு பாரம் இறங்கின பிறகுதான் இறுக்க வேணும், மாஸ்டர். தூக்கி வைச்சுக்கொண்டு இறுக்கினால் இறப்பர் முறுகினபடியே பிடிபட்டுப் போகும். பிறகு கெதியிலை கிழிஞ்சிடும்.”

மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. சில்லு அந்தரத்தில் தொங்கும்போது கீழ்க்கை தாழ்ந்து நிற்கிறது. அந்த நிலையில் இறப்பரை இறுக்கிவிட்டால், வண்டி நிலத்தில் நிற்கும்போதெல்லாம் அது ஓயாது முறுகியே இருக்கும். எந்த நிலையில் நெடுநேரம் நிற்கப்போகிறதோ அந்த நிலையிலேயே அதற்கு இளைப்பாறல் இருத்தல் வேண்டும். எந்தப் பட்டமும் பெறாத அம்முதியவர் இதனை வண்டிகளின் அடியிற் படுத்தே கற்றவர்.

வண்டி இப்போது பிறேக் பிடித்த இடத்தில் நேரே நிற்கிறது. தட்டும் ஓசை ஒழிந்தது. கடினமானதே உறுதியானது என்று எண்ணுவார் பலர். முற்றும் விட்டுக்கொடுப்பது களி. சிறிதும் விட்டுக்கொடாதது கல். வேண்டிய அளவு வளைந்து, தன் இடத்தை விடாது மீள்வதே நெடுவழிக்கு ஏற்றது. இது இறப்பருக்கு மாத்திரம் உரிய நீதியன்று.

அடுத்த கிழமை தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். புதிய புஷ் எப்படி என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது, பின்னிருக்கையில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.