மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?

'பசுமைக் கட்டடம்' என்ற சொல்லை சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் அடிக்கடி பார்க்கிறோம். ஏசி நாள் முழுக்க ஓடும் கண்ணாடி மாளிகைகளுக்கும் அந்தச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து சற்று உள்ளே போனால் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களின் எட்டு மாடிக் குடியிருப்புகள். பெரும்பகுதி தலித் குடும்பங்கள். நதிச் சீரமைப்பு என்ற பெயரில் நகரத்துக்கு வெளியே, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சாதியிலிருந்து தப்பிக்க நகரத்துக்குப் போகச் சொன்னார் பாபாசாகேப். நகரமும் நம்மை ஊருக்கு வெளியேதான் நிறுத்துகிறது.

இந்தக் கட்டடங்களில் மேல்தளத்து வீடுகளைப் பாருங்கள். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ தட்டோடோ இருந்தாலே அந்தச் சூடு குறையும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை.

சரி, அதே வெயிலில் மின்சாரம் எடுக்கலாமே? 2024இல் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் தருகிறது. ஆனால் கூரையுள்ள சொந்த வீடு இருக்க வேண்டும். அடுக்குமாடியில் நான்காவது மாடிக்காரருக்கு ஏது கூரை? தவணை முடியாமல், பத்திரம் கைக்கு வராதவருக்கு ஏது சொந்த வீடு? நிலமும் கூரையும் வைத்திருப்பவருக்கே மானியம் என்றால், தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்கள் வரிசையிலேயே நிற்க முடியாது.

வழி இல்லாமல் இல்லை. அதே திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கு, பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்காக, கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் இதில் வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் வீட்டுக்குத் தனி சோலாரால் பெரிய மிச்சமில்லை. பொது மின்கட்டணம் குறைந்தால் எல்லா வீட்டுக்கும் பலன். ஒன்றை மறக்கக் கூடாது: பேட்டரி இல்லாத சோலார் மின்தடையில் ஓடாது. லிஃப்ட் நிற்காமல் இருக்க பேட்டரியையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒரே இடத்தில் தயாராகும் மின்சாரத்தைப் பல வீட்டுக் கணக்கில் பிரித்துக் கழிக்கும் முறைக்கு டெல்லி 2019லேயே விதி வகுத்தது. இங்கும் அதைக் கேட்போம்.

தோழர்களே, முதல் வேலை சங்கத்தைப் பதிவு செய்வது. அடுத்தது, மொட்டை மாடியைப் பயன்படுத்தும் உரிமையை வாரியத்திடம் எழுத்தில் வாங்குவது. மனு எழுதவும் மின்கட்டண ரசீதைக் கணக்குப் பார்க்கவும் தெரிந்த மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வெயில் மட்டும் நமக்கு, மின்சாரம் வேறொருவருக்கு என்பதை இனியும் ஏற்க முடியாது.