கொம்பனி ஃபிட்டிங்கா, கராஜ் வேலையா?



நேற்று அஸருக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் ரெண்டு பேர் அடிபடாத குறை. ஒருவன் கட்டாரில் உழைத்த காசில் ஹைலக்ஸ் எடுத்த என் வகுப்புத் தோழன். மற்றவர் ஜிம்னியை உயர்த்தி, பெரிய மட் டயரும் ஸ்நோர்க்கலும் பூட்டியிருக்கும் என் பழைய மாணவன். "சேர், நீங்களே சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பதோ ஒரு மோட்டார் சைக்கிள்.

தோழன் சொல்வது: கொம்பனிக்காரன் கணக்குப் பார்த்துச் செய்த வண்டியில் கை வைக்கக்கூடாது. அதில் நியாயம் இருக்கு. டயரைப் பெருசாக்கினால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி அதைவிடக் கூட ஓடும். உயர்த்தினால் வளைவில் புரளும் பயம். (முன்னால் வருபவன் கண்ணைப் பறிக்கும் அந்த எல்இடி பாரைப் பற்றி நான் வேறொரு நாள் எழுதுவேன்.)

மாணவன் சொல்வதும் பொய்யில்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திறந்தார்கள். "புதுசு வாங்க வழியில்லாத நேரம் கையில இருந்தத்தான் சேர் திருத்தினம். என்ட வண்டியில எந்த நட் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்."

நான் போன மாரியை நினைத்தேன். உம்மாவுக்கு மூச்சிழுப்பு. றோட்டை வெள்ளம் மூடிவிட்டது. ரெண்டு பேரும் வந்தார்கள். ஜிம்னியின் பின் சீற்றுக்கு முன் கதவால்தான் ஏற வேண்டும், அதுவும் அந்த உயரத்துக்கு. உம்மாவால் முடியவில்லை. ஹைலக்ஸில் படுக்க வைத்தோம். வட்டை ஓரம் சேற்றில் அது புதைந்தது. ஒரு பின் சில்லு மட்டும் சும்மா சுற்றுது. உம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறா.

"டிஃப் லொக்கைப் போடுங்க காக்கா!" என்று மாணவன் கத்தினார். ரெண்டு சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பட்டன் அது. தோழன் டாஷ்போர்டைத் தடவுகிறான். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறான், ஒரு நாளும் அமத்தியதில்லை. கடைசியில் மாணவன் இடுப்பளவு தண்ணியில் இறங்கி வந்து அமத்திக் காட்டி, ஜிம்னியில் கயிறு போட்டும் இழுத்தார். உம்மா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா. அல்ஹம்துலில்லாஹ்.

ரெண்டு நாள் கழித்து ஜிம்னியின் அச்சு ஒயிலைக் கழற்றினால் பால் தேத்தண்ணி நிறம். எஞ்சினுக்கு ஸ்நோர்க்கல் பூட்டியவர் அச்சின் பிறீதர் குழாயை உயர்த்த மறந்துவிட்டார். தண்ணி உள்ளே போய்விட்டது. கராஜ் செலவை என்னிடம் வாங்க மறுத்துவிட்டார்.

இதையெல்லாம் கடையில் சொன்னேன். ரெண்டு பேரும் கொஞ்சம் நேரம் பேசவில்லை. இரவு தோழன் வீட்டுக்கு வந்தான், கையில் ஹைலக்ஸ் கையேடு, உறை கூடக் கிழிக்கவில்லை.

"மச்சான், இங்கிலீசில கிடக்கு. அந்தப் பட்டன் பக்கத்தை மட்டும் வாசிச்சுச் சொல்லு. பொடியனுக்குச் சொல்லிராத."