தான்ஜியர் செல்லும் வண்டி

மகனுக்கு மொராக்கோ நாட்டுக் காஸாபிளாங்காவில் அலுவல் அமைந்த பின்னர், அவனைக் காணச் சென்ற நாம், அந்நாட்டின் வடகோடியிலுள்ள தான்ஜியரையும் பார்த்துவிட்டுத் திரும்புவதென்று முடிவு செய்தோம். எந்த வண்டியில் போவது என்பதில்தான் நம் துணைவியாருக்கும் நமக்கும் வழக்கு எழுந்தது.

"ஊர் பார்க்க வந்தவர்களுக்கு என்ன அவசரம்? மெல்லப் போகிற வண்டியிலேயே போகலாமே" என்றார் அவர்.

நமக்கோ 'அல்-புராக்' என்னும் அதிவேக வண்டியில் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் அதிவேக ரயில் அது. 2018 நவம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் நாலே முக்கால் மணி நேரம் பிடித்த பயணத்தை இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. வழக்கு முடியுமுன்னரே மகன் பயணச்சீட்டுகளோடு வந்துவிட்டதால் தீர்ப்பு நம் பக்கமாயிற்று.

வண்டிக்கு இட்ட பெயர் நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மிஃராஜ் இரவில் பெருமானார் (ஸல்) அவர்களைச் சுமந்து சென்ற வாகனத்தின் பெயரை ஓர் இரும்பு வண்டிக்குச் சூட்டலாமா? துணைவியாருக்கு அதில் மனவருத்தமே. ஆனால் புராக்கைப் பற்றி ஹதீஸில் வந்துள்ள வருணனை நினைவுக்கு வந்தபோது நம் தயக்கம் ஓரளவு தணிந்தது. அது தன் பார்வை எட்டும் கடைசி எல்லையில் அடுத்த அடியை எடுத்து வைக்குமாம். விரைவைக் கண்பார்வையால் அளந்து சொல்லும் அந்த அழகு, சன்னலோரம் அமர்ந்திருந்த நமக்குப் பலமுறை நினைவில் வந்து போயிற்று.

வண்டி இரண்டு அடுக்குகள் கொண்டது. நமக்கு மேலடுக்கில் இடம். காஸாபிளாங்காவிலிருந்து கெனித்ரா வரை அது சாதாரணத் தடத்தில்தான் ஓடுகிறது. ஆகவே அதுவரை மனிதர்க்கு உகந்த வேகம். ரபாத்தைக் கடந்த பின் மாமோரா வனத்தின் ஓரம் தெரிந்தது. புட்டிகளுக்கு நாம் அடைக்கும் தக்கை இந்த ஓக் மரங்களின் பட்டைதான் என்று மகன் முன்னரே சொல்லியிருந்தான். மரங்களைத் துணைவியாருக்குச் சுட்டிக்காட்ட நேரமும் இருந்தது.

கெனித்ராவுக்கு அப்பால் கதையே வேறு. அங்கிருந்து தான்ஜியர் வரை சுமார் 186 கி.மீ. நீளத்துக்குத் தனித்தடம், மணிக்கு 320 கி.மீ. வரை வேகம். கணக்கிட்டால் நொடிக்கு 89 மீட்டர். கர்ப் சமவெளியின் கரும்பும் கோதுமையும் பச்சைக் கம்பளமாக விரிந்து கிடந்தன. தடத்தின் அருகில் இருந்தவை எவையும் கண்ணில் நிற்கவில்லை. வேலியும் கம்பமும் வாய்க்காலும் ஒரு சாம்பல் கோடாகக் கரைந்தன. தொலைவில் நின்ற குன்று மட்டும் நம்மோடு உடன் வந்தது. கழுதையின் மேல் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு முதியவர் நடந்ததைக் கண்டோம். "அதோ பாருங்கள்" என்று துணைவியார் விரல் நீட்டியபோது, அவ்விரலின் முனையில் வேறொரு கிராமம் இருந்தது.

எதிர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். நமக்குத் தெரிந்த அரபியையும் அவர் அறிந்த ஆங்கிலத்தையும் கலந்து பேசிக்கொண்டோம். வாரந்தோறும் இதே வண்டியில் போய் வருகிறாராம். சன்னல் திரையை இழுத்துவிட்டுக் கண்ணயர்ந்தார். அப்பெட்டியில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் நாம் இருவர் மட்டுமே.

அசீலா நெருங்கும் இடத்தில் ஹஷப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் மூன்றரை கி.மீ. நீளமுள்ள பாலம் வருகிறது. பாலம் என்று உணர்ந்து, இடப்புறம் அத்லாந்திக் கடல் தெரியுமா என்று எட்டிப் பார்ப்பதற்குள் அது முடிந்துவிட்டது. துணைவியார் நம்மைப் பார்த்த பார்வையில், தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது என்ற செய்தி இருந்தது.

எனவே மறுநாள் அவர் விருப்பப்படியே பழைய தடத்தின் வண்டியில் தான்ஜியரிலிருந்து அசீலா வரை சென்றோம். அந்த முக்கால் மணி நேரத்தில் கடல் எத்தனை முறை அருகே வந்தது! கம்பங்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருந்ததையும், ஒரு தாய் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டதையும் பார்க்க முடிந்தது. அசீலாவின் கோட்டை மதில்கள், 1471-ஆம் ஆண்டு அவ்வூரைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் எழுப்பியவை. அடுத்த நூற்றாண்டில் நம் கீழைக்கடற்கரை மரக்காயர்களின் கப்பல்களை அலைக்கழித்தவர்களும் அவர்களே. அம்மதிலின் நிழலில் அமர்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம்.

அன்று மாலை தான்ஜியருக்குத் திரும்பி, பழைய நகரின் சந்துகளில் ஏறி, இப்னு பதூதாவினுடையது என்று சொல்லப்படும் சிறிய அடக்கத்தலத்தைக் கண்டோம். நம் தமிழகத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு நெருக்கமானது. மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. மதுரையில் கடும் காய்ச்சல் கண்டபோது புளியைக் கரைத்துக் குடித்து நலமடைந்ததைத் தம் பயணநூலில் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டுத் துணைவியார் சிரித்தார். "நம் வீட்டுப் புளி உலகம் சுற்றியவரையும் காப்பாற்றியிருக்கிறது!"

அதன் பின்னர் நாம் சொன்னதுதான் அவரை மௌனமாக்கியது. 1325-இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடி இவ்வூரை விட்டுப் புறப்பட்டபோது அவருடைய பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தனர். 1348-இல் திமிஷ்கு நகரை அடைந்தபோதுதான், தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி கிடைத்தது. தாயையாவது காணலாம் என்று வந்தவருக்கு, ஊர் நெருங்கும் வேளையில், சில மாதங்களுக்கு முன் அன்னையைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று என்ற செய்தி எதிர்கொண்டது. தான்ஜியரில் அவர் சென்று நின்றது தாயின் கபுரடியில்.

1983-இல் நம் வாப்பா கீழக்கரையில் மௌத்தானபோது நாம் கோலாலம்பூரில் இருந்தோம். தந்தி மறுநாள் வந்தது. விமானத்தில் இடம் அதற்கும் மறுநாள்தான் கிடைத்தது. சென்னை எழும்பூரில் ஏறிய இராமேஸ்வரம் வண்டி அந்நாளைய மீட்டர்கேஜ் வண்டி. நின்று நின்று போயிற்று. விடிந்தபோது சன்னலுக்கு வெளியே பனைமரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கண்மாயும் கருவேலமும் ஆட்டு மந்தையும் வந்தன. நம் வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக எந்த நிலத்தையும் பார்த்ததில்லை. அவ்வளவு வெறுத்ததும் இல்லை. ஒவ்வொரு மரமும் நம்மை மறிக்க நின்றதாகவே தோன்றியது. நான்காம் நாள் மையவாடிக்குச் சென்றபோது கபுரின் ஈரமண் காய்ந்து வெடித்திருந்தது.

அக்காலத்தில் மணமாகி ஓராண்டே ஆகியிருந்த துணைவியார் ஊரில்தான் இருந்தார். வாப்பாவின் தலைமாட்டில் இருந்தவர்களுள் அவரும் ஒருவர். அந்த அடக்கத்தலத்தின் வாசற்படியில் அமர்ந்து, இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார்.

"கடைசி இரண்டு நாளும் மாமா ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'வண்டி வந்துவிட்டதா?' என்று. வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு அப்போது தந்தியே அடித்திருக்கவில்லை."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நாம் கேட்கவில்லை. அவரும் மேலே பேசவில்லை. கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. ஃபாத்திஹா ஓதிவிட்டு எழுந்தோம்.

மறுநாள் திரும்பும்போது எந்த வண்டி என்று வழக்கு எழவில்லை. "அந்த வேக வண்டியிலேயே போய்விடுவோம்" என்றார் அவர். கெனித்ராவிலிருந்து மராக்கேஷ் வரை 430 கி.மீ. நீளத்துக்கு இத்தடத்தை நீட்டும் பணி 2025 ஏப்ரலில் தொடங்கியிருப்பதாக மகன் தொலைபேசியில் சொன்னான். அதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் இனி இரண்டு மூன்று மணி நேரத்தில் வீடு வந்து சேர்ந்துவிடுவார்களா?"

பாலம் வந்தது, போயிற்று. முந்தின நாள் ஆரஞ்சு தின்ற கடற்கரை எந்தத் திசையில் என்று தேடினோம், கிடைக்கவில்லை. பக்கத்து இருக்கை இளைஞர் திரையை இழுத்துவிடட்டுமா என்று சைகையால் கேட்டார். துணைவியார் தலையசைத்து அனுமதித்தார்.