வானம் தெளிஞ்சா பயம்

கொட்டகலையில நாங்க நாலு பேர், வெட்டுன சோடாப் போத்தலும் அடிமட்டமும் வச்சு மழை அளக்கிறோம். ஆலங்கட்டி லயத்துத் தகரத்துல கொட்டுனா பிள்ளைங்க எல்லாம் பொறுக்க ஓடும். அது கொஞ்ச நேரக் கூத்து. எங்களுக்குப் பயம் சத்தமில்லாத உறைபனிதான்.

ஜனவரி, பெப்ரவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனாலதான் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுலயும் பள்ளத்துப் புல்லுதான் முதல்ல வெளுக்குது. விடிஞ்சதும் படம் எடுக்க ஆள் வருது. வெயில் ஏறுனதும் கொழுந்து கருகுது. கொழுந்து இல்லன்னா கிலோ இல்ல. கிலோ இல்லன்னா அரைப்பேர்தான்.

"நட்சத்திரம் நல்லாத் தெரியுது, நாளைக்குப் பனி"ன்னு எங்க அம்மாமார் எப்பவோ சொன்னதைத்தான், நாங்க இப்ப திகதி போட்டுக் கொப்பியில எழுதுறோம்.