911க்குள்ள ஒரு சின்னப் பற்றரி

ஹைபிரிட் எண்டு சொன்னால் எங்கட ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வாறது அக்குவாவும் பிரியஸும்தான். பெற்றோல் மிச்சம் பிடிக்கிற கார். வாங்கப்போனால் வீட்டில் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "பற்றரி எத்தனை வருஷம் தாங்கும்?" அப்படிப்பட்ட சிக்கனமான சொல்லை ஸ்போர்ட்ஸ் காரோடு சேர்த்துக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் எங்கள் கூட்டத்தில் அடிக்கடி சண்டை மூளுவது இதில்தான்: ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருத்தம் ஹைபிரிட்டா, முழு மின்சாரமா? (எங்களில் ஒருவரிடமும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. இருப்பது இரண்டு ஸ்கூட்டியும் ஒரு பழைய அல்ட்டோவும்.)

எங்களில் அதிகம் பேர் ஹைபிரிட் பக்கம். ஆனால் எல்லா ஹைபிரிட்டும் இல்லை.

2024 இல் போர்ஷ் 911 கரேரா ஜிடிஎஸ்ஸை ஹைபிரிட் ஆக்கினார்கள். பற்றரி வெறும் 1.9 கிலோவாட்-மணி, எடை 27 கிலோ. வயர் செருகி சார்ஜ் பண்ண ஏலாது, மின்சாரத்தில் மட்டும் ஓடவும் ஏலாது. அப்ப எதுக்கு? டர்போவுக்கு. டர்போ எண்டது எஞ்சின் வெளிவிடும் புகையால் சுழலும் விசிறி. காலை அமத்தின உடனே அந்தப் புகை போதாது. விசிறி வேகம் பிடிக்கும்வரை கார் ஒரு கணம் யோசிக்கும். அந்த யோசனையைத்தான் போர்ஷ் வெட்டியது. விசிறியின் தண்டிலேயே ஒரு சின்ன மோட்டர், புகை வரும்வரை அது சுழற்றிக் கொடுக்கும். முன்பு இரண்டு டர்போ இருந்த இடத்தில் இப்போது ஒன்று போதும். கியர்பெட்டிக்குள் இன்னொரு மோட்டர். பழைய மாடலைவிட எடை கூடியது சுமார் 50 கிலோ, நூர்பர்க்ரிங் சுற்றில் மிச்சமானது 8.7 செக்கன். ஆறு சிலிண்டர் எஞ்சின் அதே இடத்தில், அதே குணத்தோடு இருக்கிறது. மின்சாரம் வந்தது அதற்குக் கைகொடுக்க.

இப்ப அதே கம்பனியின் டைகானைப் பாருங்கோ. அதன் பெரிய பற்றரி மட்டும் 600 கிலோவுக்கு மேல். நேர் ரோட்டில் அது பிரச்சினையே இல்லை, மின்சாரக் காரை அங்கே வெல்வது கஷ்டம். வளைவில்தான் கணக்கு மாறுது. பிரேக் பிடிக்க, திருப்ப, திரும்பவும் இழுக்க, ஒவ்வொரு தரமும் அந்த 600 கிலோவையும் ரயர்கள்தான் சுமக்கவேணும். பெற்றோல் தாங்கி ஓட ஓட இலேசாகும், பற்றரி தீர்ந்தாலும் அதே எடைதான்.

மற்றத் தரப்பு உடனே ரிமாக் நெவேராவைத் தூக்கிக்கொண்டு வரும். நான்கு மோட்டர், 1914 குதிரைவலு, 2023 இல் ஒரே நாளில் 23 சாதனைகள். சரிதான், யார் இல்லை எண்டது? ஆனால் அதைச் செய்த மாட்டே ரிமாக்கின் கைக்கு புகாட்டி வந்தபோது அவர் என்ன செய்தார்? நெவேராவுக்கு வேறு உடுப்புப் போட்டு விற்றிருக்கலாம். 2024 இல் வந்த டூர்பியோன் காருக்குள் 8.3 லீற்றர், 16 சிலிண்டர், டர்போவே இல்லாத எஞ்சின். கூடவே மூன்று மோட்டர். உலகத்திலேயே மின்சாரக் காரை நன்றாகத் தெரிந்த ஆட்களில் ஒருவர் எடுத்த முடிவு அது. எங்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

ஹுண்டாய் ஐயோனிக் 5 என் இன்னொரு கதை. முழு மின்சாரம், கியர் இல்லை. ஆனால் எட்டுக் கியர் இருப்பதுபோல் நடிக்கும், ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தமும் போடும். முதலில் கேலி செய்யத் தோன்றும். யோசிச்சுப் பாத்தால் அதில் ஒரு விஷயம் இருக்கு: வளைவுக்குள் ஓட்டுநர் வேகமானியைப் பார்ப்பதில்லை. சத்தமும் கியரும்தான் அவருக்கு வேகத்தைச் சொல்கின்றன. அந்தத் தகவல் வேணும் எண்டு ஹுண்டாயே ஒத்துக்கொண்ட மாதிரித்தான் இது.

2022 இல் கியூஆர் காட்டி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு வரிசையில் நின்ற ஆக்கள் நாங்கள். பெற்றோல் எஞ்சினின் சத்தத்துக்காக வாதாட எங்களுக்கு என்ன உரிமை எண்டு எங்களில் ஒருத்தி கேட்டாள். வேலைக்குப் போற காரும் பஸ்ஸும் மின்சாரமாகட்டும், அதுதான் முதலில் நடக்கவேணும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வாற காரை விடு எண்டோம். "காசுக்காரருக்கு மட்டும் விதிவிலக்கோ?" எண்டு திருப்பிக் கேட்டாள். அதுக்கு எங்களிடம் நல்ல பதில் இன்னும் இல்லை.

அவளிடம் இன்னொரு ஆயுதமும் இருக்கு, பிஎம்டபிள்யூ எம்5. 2024 இல் ஹைபிரிட் ஆகி வந்தது. எடை 2,400 கிலோவுக்கு மேல். அதே உடம்பில் வரும் முழு மின்சார ஐ5 எம்60 ஐவிடப் பாரம்! எட்டு சிலிண்டர் எஞ்சினும் பெரிய பற்றரியும் ஒரே காருக்குள் திணித்தால் இரண்டின் சுமையும்தான் மிஞ்சும். இதில் நாங்கள் அவள் பக்கம். 911இன் 27 கிலோவை வைத்துத்தான் நாங்கள் வாதாடுகிறோம், எம்5ஐ வைத்து இல்லை. அவள் கேட்பது டைகானின் பற்றரி பாதி எடைக்கு இறங்கும் நாளைத்தான். இறங்கினால் திரும்ப இருந்து கதைப்பம் எண்டு சொல்லியிருக்கிறோம்.