நாலு மணி நேரத்தின் விலை

கம்பத்தில் எந்தக் கூலியைப் பற்றிப் பேசினாலும் பேச்சு மலையில் போய்த்தான் நிற்கும். ஏலத்தோட்டத்தில் இன்றைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கீழே திராட்சைப் பந்தலுக்கும் வாழைத்தோப்புக்கும் சித்தாள் வேலைக்கும் ஆள் பேசுகிறார்கள். கடைக் கண்ணாடி துடைக்கும் வேலையும் அப்படித்தான். மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை, வங்கி என்று முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடங்கள் வந்துவிட்டன. அவற்றைத் துடைக்க இரண்டு பேர், மூன்று பேர் என்று சிறு குழுக்கள் கிளம்புகின்றன. பெரும்பாலும் பெயிண்டர்கள். சாரம் ஏறிப் பழகியவர்கள், உயரத்துக்குப் பயப்படாதவர்கள்.

ஆடித் தள்ளுபடிக்கு பேனர் கட்டத் தொடங்கியிருந்த நேரத்தில் அப்படி ஒரு குழுவுடன் போயிருந்தேன். மூன்று மாடி ஜவுளிக்கடை. பொழுது விடியும்போதே மேஸ்திரியும் இன்னொருவரும் மொட்டைமாடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். இளைஞர் ஒருவர் கீழே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அது போர் தண்ணிதானே? கொட்டிரு. ஆத்துத் தண்ணி பிடி" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், துடைத்ததையே மறுபடி துடைக்க வேண்டிவரும். நல்ல தண்ணீருக்காகத் தெருக்குழாயில் காத்திருந்த அரை மணி நேரமும் வேலை நேரம்தான். ஆனால் எந்த முதலாளியின் கணக்கிலும் அது ஏறாது.

வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். மேஸ்திரி சோப்பு நுரையைத் துணி உருளையால் கண்ணாடி முழுக்கப் பூசுகிறார். பிறகு வைப்பரை மேல் மூலையில் வைத்து, கையை எடுக்காமல் பாம்பு போல வளைத்து வளைத்துக் கீழே இழுக்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரின் ஓரத்தை இடுப்புத் துணியில் ஒரு துடைப்பு. ரப்பர் நுனியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கோடு விழும். ஒற்றை ரப்பர் பட்டை வைத்த இந்தக் கருவிக்கு, இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன எட்டோரே ஸ்டெக்கோனே 1930-களில் காப்புரிமை வாங்கினார். உலகம் முழுக்க இந்தத் தொழில் இன்றைக்கும் ஏறக்குறைய அதே வடிவத்தைத்தான் கையில் வைத்திருக்கிறது.

"வெயில் ஏறிட்டா முடிஞ்சுச்சுண்ணே. கண்ணாடி சுட்டுச்சுன்னா நுரை இழுக்கிறதுக்குள்ள காஞ்சுரும். கடையும் திறந்திருவாங்க. கீழ சனம் நடக்கிறப்ப மேல நின்னு தண்ணி தெளிக்க முடியுமா? விடிஞ்சதுலருந்து ஒரு நாலு மணி நேரம். அதுதான் நம்ம நாளு" என்றார் மேஸ்திரி.

கூலித் தகராறு எல்லாம் இந்த நாலு மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. முதலாளியின் கணக்கு எளிது. நாள் கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 125. நாலு மணி நேரம் வேலை பார்த்தவருக்கு 500 போதும்.

மேஸ்திரி பாக்கெட் நோட்டில் போடும் கணக்கு வேறு. அவர் முறையை அதே 1,000 ரூபாயை வைத்துச் சொல்கிறேன். இரண்டு பேர் என்றால் கூலி 2,000. ஏணியும் கயிறும் ஏற்றிவர ஆட்டோ, சோப்பு, ரப்பர், துணி, பெல்ட்டின் தேய்மானம் எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 2,500. கண்ணாடியில் கை படுவது ஆளுக்கு நாலு மணி, இரண்டு பேருக்கு எட்டு மணி. மணிக்கு 312 ரூபாய் 50 காசு. அதோடு விடுவதில்லை. காற்றடித்தால் கயிற்றில் தொங்க முடியாது, மழை வந்தால் வேலை இல்லை. மாதம் 26 நாளில் 20 நாள்தான் வேலை என்றால், அந்த 20 நாள் கூலிதான் மிச்ச ஆறு நாளுக்கும் சோறு போட வேண்டும். 2,000 என்பது 2,600 ஆகிறது. செலவையும் சேர்த்தால் 3,100. மணிக்கு 387 ரூபாய் 50 காசு. முதலாளி சொன்ன 125 எங்கே, இது எங்கே!

ஆனாலும் இந்த மணிக்கணக்கைக் கடைக்காரரிடம் அவர் சொல்வதில்லை. கட்டடத்தைச் சுற்றி வருவார், கண்ணாடியை எண்ணுவார், ஏணி எட்டுமா கயிறு வேண்டுமா என்று பார்ப்பார், மொத்தமாக ஒரு தொகை சொல்வார். "மணிக்கு இவ்வளவுன்னு சொன்னா, வெரசா முடிக்கிறவனுக்குத்தான் நட்டம். தடவித் தடவிப் பாக்கிறவன் கூட வாங்கிட்டுப் போவான்" என்றார். புதுக் கட்டடம் என்றால் தொகை கூடும். சிமெண்டும் பெயிண்டும் காய்ந்து ஒட்டியிருக்கும், பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது கோடு விழுந்தால் கண்ணாடிக்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேரத்தில் ஓர் எல்லைக்குக் கீழே அவர் இறங்காததற்குக் காரணம் மலைதான். விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. இங்கே கட்டுப்படியாகவில்லை என்றால் உதவிக்கு வரும் இளைஞர் நாளைக்கு அந்த ஜீப்பில் இருப்பார். அங்கேயும் ஒரு குறை உண்டு. கூலி காய் எடுக்கும் நேரத்துக்குத்தான், வளைவு வளைவாக ஏறி இறங்கும் நேரத்துக்கு இல்லை. மேஸ்திரியின் மனைவி தோட்ட வேலைக்குப் போகிறவர். "அவளுக்கு ஜீப்புல போற நேரம் கணக்குல வராது. எனக்குத் தண்ணி பிடிக்கிற நேரம் வராது" என்று சிரித்தார்.

சட்டம் மணி நேரத்தை மறக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே, மணிக்கோ நாளுக்கோ மாதத்துக்கோ ஊதியம் நிர்ணயிக்கலாம் என்றது. அதன் இடத்துக்கு இப்போது 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் வாய்ப்பேச்சில் வேலை பிடிக்கும் மூன்று பேர் குழுவுக்கு முதலாளியும் அவர்களேதான், தொழிலாளியும் அவர்களேதான். சட்டம் சொல்லும் ஊதியத்தை யார் யாரிடம் போய்க் கேட்பது? மேஸ்திரியிடம் இருப்பது கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, அதுவும் பெயிண்டர் என்ற பெயரில்.

பேரத்தில் முதலில் அடிபடுவது பாதுகாப்புதான். தொகையைக் குறைத்தால் கூலி குறைவதில்லை. இரண்டாவது கயிறு குறைகிறது, கீழே நின்று ஆட்களை விலக்கிவிட வேண்டியவர் குறைகிறார், நைந்த பெல்ட்டை மாற்றுவது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. கடைக்காரர்கள் பேரம் பேசட்டும், அது ஊர் வழக்கம். ஆனால் தொகையைக் கேட்பதற்கு முன்னால் பெல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், உயிர்க்கயிறு தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், கேட்ட தொகையைக் கொடுத்துவிடுங்கள். தொழிலாளிகளுக்கும் ஒரு சொல்: மணிக்கணக்கை நோட்டில் போடுங்கள், கடையில் மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். நோட்டுக் கணக்குக்குக் கீழே போகும் வேலையை விட்டுவிடுங்கள்.