புளிக்க விடாத தொழில்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்து ஆந்திராவின் தடா. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற வேகத்தில் மாநில எல்லை கண்ணில் படுவதில்லை. பனைகள் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் நிற்கின்றன. ஆனால் அந்தப் பக்கம் உரிமம் பெற்றவர் கள் இறக்கலாம். இந்தப் பக்கம் 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்குத் தடை, பதநீர்தான் இறக்கலாம்.

பங்குனி மாதத்து விடியற்காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, பனையேறும் பெரியவர் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் அடியிலிருந்து மேலாக ஒரே சீராக இழுத்தார். கலயத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் இன்னொரு முறை தடவினார்.

“எவ்வளவு போடணும் ஐயா?”

“ஜாஸ்தியானா நாக்கு கடிக்கும் சார், வெல்லமும் சரியா வராது. கம்மியானா பொழுது ஏர்றதுக்குள்ள நுரைச்சிடும். வெய்யிலப் பாத்துதான் போடணும். பங்குனிக்கு ஒரு அளவு, சித்திரைக்கு ஒரு அளவு.”

அந்தச் சுண்ணாம்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாளையிலிருந்து வடியும் சாற்றில் பத்து சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை உண்டு. காற்றிலும் பூச்சிகளிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே சாராயச் சத்து ஏறிவிடும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை அடக்கிவைக்கிறது. நாசிக்கில் ஒயின் தயாரிப்பவரும் திராட்சைச் சாற்றில் கந்தக டை ஆக்சைடு சேர்த்துக் காட்டு ஈஸ்டைக் கட்டுப்படுத்துவார். பிறகு தனக்கு வேண்டிய ஈஸ்டைச் சேர்த்துப் புளிக்கவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். இவருக்கு அந்த வசதி இல்லை. இவருடைய சரக்குக்கு ஆயுள் அரை நாள்தான்.

இடுப்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலில் தளைநார் மாட்டி ஏறினார். மேலே, சேர்த்துக் கட்டியிருந்த பாளையின் நுனியை அரிவாளால் சீவினார். கீழே விழுந்த சீவலை எடுத்துப் பார்த்தேன். மறுபக்கம் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. தடியாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு வேளை சீவாமல் விட்டாலோ வாய் காய்ந்து, சாறு நின்றுவிடும். அதனால் பருவம் முடியும்வரை காலையும் மாலையும் ஏறியாக வேண்டும்.

“மரம் குடுக்கிறத வாங்கிக்கணும். புடுங்கினா அடுத்த வருஷம் காட்டிடும்” என்றார் இறங்கியதும். எல்லாப் பாளையையும் அவர் கட்டுவதில்லை. சிலவற்றை நுங்குக்கு விட்டுவிடுகிறார்.

முற்பகலுக்குள் விற்றது போக மீந்த பதநீர் அடுப்புக்குப் போகிறது. அவர் மனைவி ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுகிறார். பொங்கி வரும்போது ஓர் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட, நுரை அடங்குகிறது. அரை நாள் சரக்கை மாதக்கணக்கில் வைத்திருக்கும் வெல்லமாக மாற்றுவது அந்த அம்மாவின் கைவேலை. விறகு, புகை, மணிக்கணக்கில் கிண்டுவது எல்லாம் அதன் விலையில் சேர்ந்திருக்கிறது. சாலையில் பேரம் பேசுகிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். அங்கே வாரம் ஒரு நாள் லீவு உண்டு. மரத்திலிருந்து விழுகிற பயமும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் அரசு அறிவித்தது. கள்ளுக்கான தடையை நீக்க வேண்டும் என்ற கோரிக்கையும் தொடர்ந்து எழுகிறது. கள்ளானாலும் பதநீரானாலும் பாளை சீவ ஆள் வேண்டும். ஏறுகிறவருக்குக் காப்பீடும், பழகுகிற இளைஞருக்குப் பருவம் முழுக்கக் கூலியும் கிடைக்க வழி செய்தால்தான் அந்த இரண்டு பேச்சுக்கும் பொருள் இருக்கும்.